குலைநோய்ப் பூஞ்சாணத்தின் மரபணுவுக்கு வேலை எழுதுவது எப்படி

எங்கள் நிலம் வலங்கைமான் பக்கம், ஆறு மா. சில வருடங்களுக்கு முன் தாளடிக்கு பிபிடி 5204 நெல் போட்டிருந்தோம். மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பா வயலிலிருந்து ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். இரு முனையும் கூம்பி, நடுவே சாம்பல் பூத்து, ஓரத்தில் பழுப்புக் கோடு ஓடிய புள்ளி. ஒரு கண்ணை வரைந்து வைத்தது போல இருந்தது. குலைநோய்.

“நீ ராப்பகலா படிக்கிற பூஞ்சாணம் இதுதானேம்மா? இதுக்குள்ள எது எந்த வேலையைச் செய்யுதுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?”

“எழுதிக்கிட்டு இருக்கோம்ப்பா. இன்னும் நிறைய காலியாத்தான் கிடக்கு.”

அந்தக் காலி இடங்களை எப்படி நிரப்புவது என்றுதான் இங்கே எழுதுகிறேன். நோய் உண்டாக்கும் பூஞ்சாணத்தின் ஒவ்வொரு மரபணுவுக்கும் அது என்ன வேலை செய்கிறது, அது எப்படித் தெரியும் என்று எழுதுவதுதான் அனோட்டேஷன். இதற்கு ஆய்வகம் வேண்டாம். இணையமும் பொறுமையும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். மே மாத விடுமுறையில் கும்பகோணம், தஞ்சாவூர் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

குலைநோயை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1913-ல். அது பெரிய அளவில் பயிரை அழித்தது 1919-ல், இதே தஞ்சை டெல்டாவில். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்ததே 1922-ல்தான். நூறு வருடமாக நம் மண்ணில் இருக்கும் எதிரி இது. 2005-ல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது: ஏழு குரோமோசோம், கணித்த மரபணுக்கள் 11,109. பிற்பாடு திருத்திய பதிப்புகளில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவற்றில் யாராவது கையால் சோதித்து வேலையைக் கண்டுபிடித்தவை சிறு பங்குதான். மீதிக்கெல்லாம் கணினி ஒப்பிட்டுச் சொன்ன ஊகம், அல்லது ஒன்றுமே இல்லை.

ஊகமும் சோதனையும் ஒரே மூட்டையில் கலந்துவிடக் கூடாது. இந்த வேலையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். விதை நெல்லில் ஒரு கைப்பிடி கலவன் விழுந்தால் அடுத்த வருடம் அது வயல் முழுக்க நிற்கும். நீங்கள் ஒரு மரபணுவுக்குத் தவறாக ஒரு வரி எழுதினால், அதைப் பார்த்து கணினிகள் வாழையின் வாடல் பூஞ்சாணத்துக்கும் நிலக்கடலையின் இலைப்புள்ளிப் பூஞ்சாணத்துக்கும் அதே வரியை எழுதிவிடும். பிறகு கலவன் பிடுங்க ஆளே கிடைக்காது.

முதலில் எண்

மரபணுவின் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். குலைநோய்ப் பூஞ்சாணத்தின் மரபணுக்களுக்கு எம்ஜிஜி என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் உண்டு. பிஎம்கே1 என்ற மரபணுவுக்கு எம்ஜிஜி 09565. எம்பிஜி1 என்பதற்கு எம்ஜிஜி 10315. ஒரே பெயரை இரண்டு குழுக்கள் இரண்டு மரபணுக்களுக்கு வைத்திருப்பார்கள். ஒரே மரபணுவுக்கு மூன்று பெயரும் இருக்கும். எண் மட்டும் மாறாது. கட்டுரையில் எண்ணே இல்லையென்றால், அவர்கள் கொடுத்த மரபணுவின் எழுத்து வரிசையை அல்லது பிரைமரை (மரபணுவைப் பெருக்கப் பயன்படுத்தும் சிறு டிஎன்ஏ துண்டின் வரிசை) எடுத்து, ஃபங்கிடிபி, என்செம்பல் ஃபங்கி என்ற பூஞ்சாண மரபணுத் தரவுத்தளங்களில் ஒன்றில் பிளாஸ்ட் (வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் கருவி) ஓட்டி நீங்களே கண்டுபிடியுங்கள். ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று ஊகித்துத் தாண்டிப் போகாதீர்கள்.

பூஞ்சாணத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 2002 வரை நெல்லைத் தாக்குவதையும் புல்லைத் தாக்குவதையும் ஒன்றாக வைத்து மேக்னபோர்த்தே கிரிசியா என்றே எழுதினார்கள். அந்த வருடம்தான் நெல்லுக்குரியதை மேக்னபோர்த்தே ஒரைசே என்று பிரித்தார்கள். பைரிகுலேரியா ஒரைசே என்பதும் இதுவேதான். ஆகவே 1993, 1996 கட்டுரைகளில் கிரிசியா என்று பார்த்தால் வேறு பூஞ்சாணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். எந்த ஐசோலேட் (ஓரிடத்திலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கும் பூஞ்சாண வகை), எந்தப் பயிரிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். ஐசோலேட்டின் பெயரையும் உங்கள் தாளில் எழுதுங்கள். முழு வரிசை எடுத்தது 70-15 என்ற ஆய்வக வகை. சோதனைகளில் பாதி நடந்தது கை11 என்ற இன்னொரு வகையில். இரண்டும் ஒன்றல்ல.

கட்டுரையைப் பின்பக்கமிருந்து

பிள்ளைகள் எல்லோரும் சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுத உட்காருவார்கள். அதுதான் முதல் பிழை. சுருக்கத்தில் ஆசிரியர்கள் தங்கள் விருப்பத்தையும் கலந்து எழுதியிருப்பார்கள். செய்முறையை முதலில் படியுங்கள், பிறகு படங்கள், அட்டவணைகள், கடைசியில் சுருக்கம். படிக்கும்போது ஒரு தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டே போங்கள்: மரபணுவை முழுவதும் நீக்கினார்களா, ஒரு பகுதியைக் கெடுத்தார்களா. நீக்கிய பூஞ்சாணத்துக்குள் அந்த மரபணுவைத் திரும்ப வைத்து, பழைய குணம் வந்ததா என்று பார்த்தார்களா. ஆய்வகத்தில் ஊட்டம் ஊற்றிய தட்டில் அதன் வளர்ச்சி இயல்பாக இருந்ததா. வித்து (பூஞ்சாணம் பரவும் நுண்விதை) உண்டானதா. எந்த நெல் ரகத்தில், எத்தனை நாள் நாற்றில் தெளித்தார்கள். தெளித்தார்களா, இலையைக் காயப்படுத்தி வைத்தார்களா.

தட்டில் வளர்ச்சி என்ற கேள்வியை நான் வலியோடு கற்றேன். முதல் வருடம் ஒரு கட்டுரையின் தலைப்பில் ‘நோய் உண்டாக்கத் தேவையான மரபணு’ என்று இருந்தது. அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். அந்த மரபணு ஒரு அமினோ அமிலம் தயாரிக்கும் நொதிக்குரியது. அதை நீக்கினால் பூஞ்சாணம் எளிய ஊட்டத் தட்டிலேயே வளரவில்லை. மூன்றாம் அட்டவணையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். சாப்பாடு இல்லாமல் சுருண்டு கிடப்பவன் திருடப் போகவில்லை என்றால், அவனிடம் இல்லாமல் போனது திருட்டுக் கருவி என்று சொல்லலாமா? இந்த வேலையில் எனக்கு மேலே இருந்தவர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “மூணாவது அட்டவணையைப் பாத்தியாம்மா?” அதற்குள் அந்த வரி ஒப்புமை வழியாக வேறு இரண்டு பூஞ்சாணங்களுக்குப் போயிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தக் கேட்டு எழுதினேன், நான்கு மாதம் ஆனது. அன்றிலிருந்து வளர்ச்சி அளந்த படத்தைப் பார்க்காமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை.

இரண்டு மரபணு, ஒரு கீறல்

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இதில்தான் இந்த வேலையின் சுவையே இருக்கிறது.

குலைநோயின் வித்து மூன்று அறை கொண்டது, பேரிக்காய் போல இருக்கும். பனித்துளியில் இலைமேல் ஒட்டிக்கொண்டு முளைக்கும். முளைக்குழாயின் நுனி உருண்டு, அப்ரசோரியம் என்ற ஒரு குமிழாகும். அந்தக் குமிழின் சுவரில் மெலனின் என்ற கரும்பூச்சு ஏறும். உள்ளே கிளிசரால் சேரச் சேர, தண்ணீர் புகுந்து அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை ஏறும். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு முளையை இறக்கி, இலையின் தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவில், ஒரு ராத்திரிப் பனியில் நடந்து முடிகிற காரியம்.

மெலனின் தயாரிப்பில் ஆல்பி1, ஆர்எஸ்வை1, பஃப்1 என்று மூன்று மரபணுக்கள் பெயர் பெற்றவை. முதலாவதைக் கெடுத்தால் பூஞ்சாணம் வெள்ளையாகும், இரண்டாவதைக் கெடுத்தால் ரோஜா நிறம், மூன்றாவதைக் கெடுத்தால் மங்கிய மஞ்சள்பழுப்பு. பெயரே நிறத்திலிருந்து வந்ததுதான். மூன்றிலும் அப்ரசோரியம் உருவாகிறது. ஆனால் மெலனின் இல்லாததால் அழுத்தம் நிற்காது, இலையைத் துளைக்க முடியாது, நோய் வராது.

பிஎம்கே1-ஐ நீக்கினாலும் நோய் வராது. 1996-ல் வந்த கட்டுரையில் அது தெளிவாக இருக்கிறது. ஆக, தெளித்துப் பார்த்த படத்தை மட்டும் பார்த்தால் பஃப்1-க்கும் பிஎம்கே1-க்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டு இலையும் பச்சையாகவே இருக்கும். அவசரக்காரர் இரண்டுக்கும் ‘நோய்த்திறன் இழப்பு’ என்று ஒரே வரியை எழுதிவிட்டுப் போவார்.

இப்போது இலையில் ஒரு கீறல் போட்டு, அதன்மேல் வித்தை வைக்கிறோம். மெலனின் இல்லாத பூஞ்சாணம் கீறல் வழியே உள்ளே போய், நன்றாகப் பரவி, புள்ளி போட்டுவிடும். அதற்குத் தெரியாமல் போனது கதவைத் திறக்க மட்டும்தான். வீட்டுக்குள் விட்டால் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிஎம்கே1 இல்லாததோ கீறல் வழியே விட்டாலும் உள்ளே வளர்வதில்லை. அப்ரசோரியமும் வராது, உள்ளே பரவவும் முடியாது. 2018-ல் வந்த ஒரு கட்டுரை இதை இன்னும் துல்லியமாக்கியது: நெல்லின் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாண்டும்போதும் பூஞ்சாணத்துக்கு இந்த மரபணு வேண்டும். அந்தத் தாண்டலை, செடி தன் செல்களுக்கு நடுவே வைத்திருக்கும் நுண்வழிகளிலேயே அது செய்கிறது.

ஒரு கீறலில் இரண்டு மரபணுவின் வேலையும் பிரிந்துவிட்டது பாருங்கள். ஆகவே கட்டுரையில் காயச் சோதனை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ‘துளைக்க முடியவில்லை’ என்றோ ‘உள்ளே வளர முடியவில்லை’ என்றோ நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பார்த்தது எவ்வளவோ அவ்வளவுதான்: தெளித்தபோது புள்ளி வரவில்லை.

அப்பாவிடம் அன்று நான் சொன்ன பதிலும் இதிலிருந்துதான். அவர் கடையில் வாங்கி வந்தது ட்ரைசைக்ளசோல், 120 கிராம் பாக்கெட். அந்த மருந்து பிடிப்பது பஃப்1 தரும் நொதியை. மருந்து பட்ட பூஞ்சாணமும் பஃப்1 கெட்ட பூஞ்சாணமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அதனால்தான் அது பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை, உள்ளே நுழையத்தான் விடுவதில்லை. புள்ளி விழுந்த இலையை அது காப்பாற்றாது, விழாத இலையையும் கதிரின் கழுத்தையும்தான் காக்கும். “அதான் கதிர் வர்றதுக்கு முன்னாடியே அடிக்கணும்னு சொல்றாங்களா” என்றார். நாற்பது வருடம் கையால் தெரிந்த விஷயத்துக்கு ஒரு மரபணு எண்ணில் காரணம் கிடைத்ததில் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

மூன்று கேள்வி

இப்போது எழுதலாம். ஜீன் ஆன்டாலஜி, சுருக்கமாக ஜிஓ, என்று 1998-ல் ஈஸ்ட், பழ ஈ, எலி ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஏழு இலக்க எண். ஒரு மரபணுவைப் பற்றி மூன்று கேள்விக்குத்தான் அதில் இடம்: அதன் புரதம் என்ன வினை செய்கிறது, அந்த வினை எந்தப் பெரிய காரியத்தில் சேர்கிறது, செல்லில் எந்த இடத்தில் இருந்து செய்கிறது. கொத்தனார் கையில் கரண்டி பிடிப்பது வினை, வீடு கட்டுவது காரியம், நிற்கிற சாரம் இடம். மூன்றையும் குழப்பாதீர்கள்.

பிஎம்கே1-க்கு எழுதிப் பார்ப்போம். வினை: மேப் கைனேஸ் (செல்லுக்குள் சேதி கடத்தும் ஒரு நொதி), ஜிஓ 0004707. காரியம்: அப்ரசோரியம் உருவாதல், ஜிஓ 0075016. இடம்: 2004-ல் ஒளிரும் புரதத்தை ஒட்டிப் பார்த்தவர்கள் அப்ரசோரியத்தின் உட்கருவில் கண்டார்கள். ஆக உட்கரு, ஜிஓ 0005634. மூன்று வரியும் மூன்று வெவ்வேறு சோதனையிலிருந்து வந்தவை. மூன்றுக்கும் தனித்தனிச் சான்று எழுத வேண்டும். சொல்லைத் தேட குவிக்ஜிஓ என்ற பக்கம் போதும். தேடும்போது சொல்லின் விளக்கத்தை முழுவதும் படியுங்கள். தலைப்பு பொருந்தியது போல இருக்கும், விளக்கம் வேறாக இருக்கும். சொல் மரத்தில் எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள். ஆனால் சோதனை நிற்கும் கிளையைத் தாண்டி ஒரு படிகூட இறங்க வேண்டாம்.

பழைய கோப்புகளில் ‘நோயுண்டாக்கம்’ என்ற பொருளில் ஜிஓ 0009405 என்று ஒரு சொல்லைப் பார்ப்பீர்கள். அதை 2021-ல் நீக்கிவிட்டார்கள். நான் அதை வரவேற்கிறேன். நோய் என்பது பூஞ்சாணமும் செடியும் சேர்ந்து உண்டாக்கும் முடிவு. அது ஒரு மரபணுவின் வேலை ஆகாது. அதற்குப் பதில் ஒட்டுதல், துளைத்தல், செடியின் தற்காப்பை அடக்குதல் என்று ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் இருக்கிறது. 2004 முதல் பாம்கோ என்ற குழு இதற்காகவே நூற்றுக்கணக்கான சொற்களைச் சேர்த்தது.

நோய் கூடியதா குறைந்ததா என்ற செய்திக்குத் தனி இடம் உண்டு: இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் 2005 முதல் நடத்திவரும் பிஹெச்ஐ-பேஸ் என்ற தரவுத்தளம். நோய்த்திறன் முழுதும் போனது, வீரியம் குறைந்தது, மாறவில்லை, கூடியது என்று அங்கே வகை வகையாகப் போடலாம். ‘மாறவில்லை’ என்பதையும் தயங்காமல் போடுங்கள். நீக்கிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஒருவர் வருடக்கணக்கில் உழைத்துக் கண்ட விஷயம்.

அட்டையின் நிறம்

விதை வாங்கும்போது மூட்டையில் அட்டையைப் பார்ப்போம் அல்லவா? வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். உள்ளே இருப்பது எல்லாம் ஆடுதுறை 45 என்றாலும், அட்டையை வைத்துத்தான் அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்வோம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் போடும் சான்றுக் குறியும் அதே போலத்தான். ஐடிஏ என்றால் அந்தப் புரதத்தையே நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. ஐஎம்பி என்றால் மரபணுவைக் கெடுத்து விளைவைப் பார்த்தது. ஐஎஸ்எஸ் என்றால் வரிசை ஒப்புமையை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்டது. ஐஈஏ என்றால் கணினி தானாகப் போட்டது, யாரும் பார்க்கவில்லை.

பிஎம்கே1-க்கு அப்ரசோரியம் என்ற வரிக்கு ஐஎம்பி. உட்கரு என்ற வரிக்கு ஐடிஏ. மேப் கைனேஸ் என்ற வரிக்கு? அதே 1996 கட்டுரையில் இந்த மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஃபஸ்3, கேஎஸ்எஸ்1 என்ற தன் மேப் கைனேஸ் மரபணுக்கள் இரண்டும் இல்லாத ஈஸ்ட் இணைசேர முடியாமல் நிற்கும். பிஎம்கே1 வந்ததும் இணைசேர்ந்தது. வேறு உயிரின் பழுதை இது சரிசெய்ததால் ஐஜிஐ என்ற குறி, கூடவே அந்த ஈஸ்ட் மரபணுவின் எண். ‘எதோடு சேர்த்து’ என்ற கட்டத்தை நிறையப் பேர் காலியாக விடுகிறார்கள். அதைக் காலியாக விட்ட ஐஜிஐ-யால் யாருக்கும் பயனில்லை.

கட்டுரையில் மரபணுவைத் திரும்ப வைத்துப் பார்க்கவில்லை என்றால், நான் எழுதுவேன், ஆனால் குறிப்பில் அதைச் சொல்லிவிடுவேன். நீக்கும்போது பக்கத்து மரபணு அடிபட்டிருக்கலாம். தனித்தனியே அந்த மரபணுவை நீக்கிய மூன்று நான்கு மியூட்டன்ட் எடுத்து எல்லாமே ஒரே மாதிரி நடந்திருந்தால் கொஞ்சம் தைரியம் வரும்.

கோ 39

செடியின் பெயரை எழுதாத அனோட்டேஷன் அரைகுறை. கட்டுரைகளில் உலகம் முழுக்க ‘எளிதில் நோய் வாங்கும் ரகம்’ என்று சிஓ-39 என ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அது நம் கோவையில் உருவான கோ 39 நெல்தான். முதன்முதலாகப் பார்த்தபோது ஊர்க்காரரை வெளிநாட்டு ரயிலில் சந்தித்தது போல இருந்தது எனக்கு.

ஆனால் அது எல்லாக் குலைநோய்க்கும் இடம் கொடுப்பதில்லை. ஏவிஆர்1-சிஓ39 என்று பூஞ்சாணத்தில் ஒரு மரபணு இருக்கிறது. அதை வைத்திருக்கும் பூஞ்சாணத்தை கோ 39 அடையாளம் கண்டு நிறுத்திவிடும். நெல்லைத் தாக்கும் பெரும்பாலான ஐசோலேட்டுகளில் அந்த மரபணு இல்லை, அதனால்தான் அவற்றுக்கு இந்த நெல் சுலபமான இரை. ஆக ‘கோ 39-ல் நோய் வரவில்லை’ என்ற ஒரு படத்தைப் பார்த்தால், பூஞ்சாணம் திறனை இழந்ததா, செடி அதைக் கண்டுபிடித்ததா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அந்த மரபணுவை நீக்கியபோது நோய் கூட வேண்டும். பிஹெச்ஐ-பேஸில் இதற்கு ‘எஃபெக்டர்’ (செடிக்குள் பூஞ்சாணம் செலுத்தும் புரதம்) என்ற தனி வகை இருக்கிறது, அங்கே போடுங்கள். பூஞ்சாண ஐசோலேட், நெல் ரகம், தெரிந்தால் நெல்லின் எதிர்ப்பு மரபணு, மூன்றையும் சேர்த்து ஒரே வரியில் கட்ட வேண்டும்.

கட்டுரையே இல்லாதவை

ஆயிரக்கணக்கில் இருப்பவை இவைதான். இன்டர்புரோ என்ற தளத்தில் புரத வரிசையைக் கொடுத்து என்ன பகுதிகள் இருக்கின்றன என்று பாருங்கள். சிக்னல்பி என்ற கருவி, புரதம் செல்லுக்கு வெளியே சுரக்குமா என்று சொல்லும். எஃபெக்டர்பி என்ற இன்னொரு கருவி, அது செடியை ஏமாற்றும் புரதமாக இருக்கலாமா என்று ஊகிக்கும். அது ஊகம் மட்டுமே, அதை வைத்து வேலை எழுதாதீர்கள்.

பிளாஸ்டில் ஈ-மதிப்பு (தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பைக் காட்டும் எண்) சின்னதாக வந்ததும் துள்ளாதீர்கள். இதே பூஞ்சாணத்தில் பிஎம்கே1, எம்பிஎஸ்1, ஓஎஸ்எம்1 என்று மூன்று மேப் கைனேஸ் இருக்கின்றன. பிஎம்கே1 வரிசையைக் கொடுத்துத் தேடினால் மூன்றும் கண்ணைப் பறிக்கும் மதிப்போடு வந்து நிற்கும். ஆனால் எம்பிஎஸ்1 செல்சுவரின் உறுதியைப் பார்க்கிறது. ஓஎஸ்எம்1 உப்பு அழுத்தத்தைச் சமாளிக்கிறது, அதை நீக்கினாலும் நோய் வழக்கம்போல வருகிறது. வினை மூன்றுக்கும் ஒன்று, காரியம் மூன்றும் வேறு. ஆகவே வரிசை ஒப்புமையால் வினையை எழுதலாம், காரியத்தை எழுத நூறு தடவை யோசியுங்கள். குறைந்தபட்சம் திரும்பவும் எதிர்த்திசையில் தேடி, அதே ஜோடிதான் முதலில் வருகிறதா என்று பாருங்கள். புரதத்தின் முழு நீளமும் பொருந்துகிறதா, நடுவில் ஒரு துண்டு மட்டுமா என்றும் பாருங்கள்.

எஃபெக்டர்களில் ஒப்புமையே கிடைக்காது. ஏவிஆர்-பிக் என்ற எஃபெக்டரின் நீளம் வெறும் 113 அமினோ அமிலம். ஏவிஆர்-பியா, ஏவிஆர்1-சிஓ39 ஆகியவற்றோடு வரிசையில் ஒட்டுறவே இல்லை. ஆனால் 2015-ல் முப்பரிமாண வடிவத்தைப் பார்த்தபோது எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. வரிசையில் ஒன்றும் கிடைக்காதபோது ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி நிரலின் வடிவக் கணிப்பை ஒரு முறை பார்ப்பது அதனால்தான் பயன்தரும். அப்போதும் வடிவம் ஒத்திருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

ஒன்றும் கிடைக்கவில்லையா? என்டி என்ற குறி போட்டு, தேடிய தேதியை எழுதி மூடுங்கள். ‘தேடினோம், தெரியவில்லை’ என்பதும் வேலைதான்.

கொடுப்பது, சரிபார்ப்பது

எழுதி முடித்ததை உங்கள் கணினியிலேயே வைத்திருக்காதீர்கள். பிஹெச்ஐ-கேன்டோ என்ற இணையக் கருவியில் ஒரு கட்டுரையை எடுத்து, மரபணு, ஐசோலேட், செடி, விளைவு என்று படிப்படியாக நீங்களே பதியலாம். நிபுணர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். யூனிபுரோட் என்ற புரதத் தரவுத்தளத்தில், ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) இருந்தால் ஒரு புரதத்தோடு கட்டுரையை இணைத்துக் குறிப்பெழுதலாம். உங்கள் சொந்தத் தாளில் எண், சொல், சான்றுக் குறி, கட்டுரையின் பப்மெட் எண், படத்தின் எண், தேதி என்று கட்டம் போட்டு வையுங்கள். படத்தின் எண்ணை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து ‘இதை எதை வைத்து எழுதினோம்’ என்று தேடும்போது அதுதான் கை கொடுக்கும்.

சரிபார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றே ஒன்று: இரண்டு பேர், ஒரே கட்டுரை, ஒருவரை ஒருவர் கேட்காமல் எழுதுவது. எங்கள் திண்ணையில் போன மே மாதம் எம்பிஜி1 பற்றிய 1993 கட்டுரையை இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நீரை விலக்கும் புரதம் அது. அதை நீக்கினால் பூஞ்சாணக் கூட்டம் தண்ணீர் பட்டதும் ஈரத்துணி போல நனைந்துவிடும், அப்ரசோரியமும் குறையும், புள்ளியும் குறையும். ஒருத்தி ‘நோய்த்திறன் இழப்பு’ என்று போட்டாள். இன்னொருவன் ‘வீரியம் குறைந்தது’ என்று போட்டான். படத்தை எடுத்துவைத்து அரை மணி நேரம் வாதாடினார்கள். இலையில் புள்ளிகள் குறைவாக, ஆனால் இருந்தன. அவளே அடித்துத் திருத்தினாள்.

நீங்கள் தொடங்குவதானால் பஃப்1-ஐ எடுங்கள். நிறம், நொதி, மருந்து, காயச் சோதனை எல்லாம் ஒரே மரபணுவில் கிடைக்கும். காரியத்துக்கான சொல்லை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்: மெலனின் தயாரிப்பு, ஜிஓ 0042438. வினையையும் சான்றுக் குறிகளையும் நீங்களே தேடுங்கள். பக்கத்தில் ஒரு தோழியை உட்காரவைத்து, அவளும் அவள் தாளில் தனியாக எழுதட்டும். முடித்தபின் இரண்டு தாளையும் எதிரெதிரே வைத்து, எங்கே மாறுகிறதோ அங்கே படத்தைத் திறங்கள்.